பழைய சொரசொரப்பு சீலிங்கை எடுப்பது: சேலம், ஏற்காடு வீடுகளுக்கான கேள்வி பதில்

வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய டெக்ஸ்சர் (சொரசொரப்புப் பூச்சு) சீலிங், பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங், ஓட்டுக்கு அடியில் அடித்த தகட்டு சீலிங் ஆகியவற்றை எப்படி எடுப்பது என்று அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அளவுக் கணக்கு எல்லாம் 12க்கு 14 அடி, அதாவது 168 சதுர அடி அறைக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் அறைக்கு ஏற்ப கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஒட்டியிருப்பது என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஆனால் அதற்கும் முன்னால், பூச்சு பஞ்சு போல மெத்தென்று, நார் நாராகத் தெரிந்தால் தண்ணீர்ச் சோதனையும் வேண்டாம். கீழே ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம்) பற்றிய பதிலைப் படியுங்கள்.

மற்றபடி, மூலையில் ஒரு சதுர அடி இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துக் கால் மணி நேரம் விட்டு, பட்டி பிளேடால் (பெயின்டுக்கு முன் சமப்படுத்தும் பட்டி மாவை இழுக்கும் தட்டைத் தகடு) மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தோசை மாவு போல வழித்துக்கொண்டு வந்தால் அது பி.ஓ.பி. அல்லது டிஸ்டம்பர் கலந்து ரோலரிலோ ஸ்பாஞ்சிலோ புள்ளி வைத்தது. இதுதான் சுலபமானது. தண்ணீர் முத்து முத்தாக நின்று கீழே சொட்டினால் மேலே எமல்ஷனோ ஆயில் பெயின்டோ ஏறியிருக்கிறது. தண்ணீரை உறிஞ்சியும் இளகவில்லை, பிளேடு 'கிரீச்' என்று வழுக்குகிறது என்றால் சிமென்டும் மணலும் தெறித்த பூச்சு. ரப்பர் போல நெளிந்து தோல் தோலாக வந்தால் அக்ரிலிக் டெக்ஸ்சர். சுண்ணாம்பு என்றால் இளகாது. வெள்ளைச் செதிலாக உதிரும், கையில் மாவாக ஒட்டும்.

ஒரே அறையில் இரண்டு வகை இருக்கலாம். ஒழுகிய இடத்தில் பிற்பாடு ஒட்டுப் போட்டிருப்பார்கள். அதனால் மூன்று இடத்திலாவது வைத்துப் பாருங்கள்.

வீடியோக்களில் தண்ணீர் அடித்ததும் அரை மணியில் வழித்து எடுக்கிறார்களே, நம் வீட்டில் ஏன் வருவதில்லை?

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளில் எடுத்தவை. அங்கே மரச் சட்டத்தில் ஜிப்சம் போர்டு அடித்து, அதன் மேல் பொரி போலத் தெறித்து விட்டிருப்பார்கள். பாப்கார்ன் சீலிங் என்று பெயர். மேலே பெயின்ட் இல்லாவிட்டால் தண்ணீரில் இளகிவிடும். நம் வீட்டில் அடியில் இருப்பது ஆர்.சி.சி., அதாவது கம்பி வைத்து வார்த்த காங்கிரீட் தளம். மேலே நான்கைந்து தீபாவளிக்கு அடித்த பெயின்ட் இருக்கும்.

இன்னொரு வித்தியாசம் காரணத்தில் இருக்கிறது. அங்கே எதிரொலியைக் குறைக்கவும், போர்டு இணைப்பை மறைக்கவும் அடித்தார்கள். இங்கே டெக்ஸ்சர் அடித்தது பெரும்பாலும் எதையோ மூடத்தான்: தளம் வார்க்கும்போது அடியில் தாங்கிய சென்ட்ரிங் பலகையின் கோடு, தளத்தின் மேடு பள்ளம், ஒழுகிய கறை, சில சமயம் துருப்பிடித்த கம்பி. ஆகவே சுரண்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாதி வேலையும் பாதிக்கு மேல் செலவும் அதற்குப் பிறகுதான்.

எங்கள் சீலிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா?

அமெரிக்காவில் தெளிக்கும் அலங்காரப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பதை 1978இல் தடை செய்தார்கள். பிரிட்டன் 1999இல் ஆஸ்பெஸ்டாஸை முழுதாக நிறுத்தியது. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் தகடு இன்றும் சட்டப்படி விற்கிறது. அதனால் "இந்த வருடத்துக்குப் பிறகு கட்டிய வீடு, பயமில்லை" என்று கணக்குப் போட இங்கே வழியில்லை.

சாதாரண வீட்டில், பெயின்டர் கையால் செய்த பி.ஓ.பி. அல்லது சிமென்ட் டெக்ஸ்சரில் அது இருக்கும் வாய்ப்பு குறைவு. கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, மெஷினால் தெளித்து, பஞ்சு போல மெத்தென்று, நார் நாராகத் தெரியும் பூச்சு. பழைய தியேட்டர், ஆபீஸ், விருந்தினர் விடுதிக் கட்டடத்தை வாங்கி வீடாக்குபவர்கள் இதைப் பார்க்கலாம். இரண்டாவது, ஓட்டுக்கு அடியில் அடித்த தட்டைச் சிமென்ட் தகடு. ஏற்காட்டுப் பழைய வீடுகளில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சந்தேகம் என்றால் சுரண்டாமல், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இடத்தைத் தண்ணீரில் நனைத்து, பூச்சின் முழு ஆழத்துக்கும் ஐந்து ரூபாய் நாணய அளவு துண்டை எடுங்கள். மூன்று இடத்தில் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் வைத்து, எந்த அறை எந்த மூலை என்று எழுதுங்கள். எடுத்த குழியை ஈரப் பட்டியால் அடைத்துவிடுங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் போலரைஸ்டு லைட் மைக்ரோஸ்கோப் சோதனை செய்வார்களா என்று கேட்டு அனுப்பவும். சோதனைச் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இழை நுரையீரலில் போய்த் தங்கினால் நோய் தலைகாட்டவே 20 முதல் 40 வருடம் ஆகும். அன்றைக்கு இன்றைய தூசியை நினைத்து என்ன பயன்?

எடுத்தே ஆக வேண்டுமா? மேலேயே மூடிவிடலாமா?

நிறையப் பேருக்கு மூடுவதுதான் சரி. பூச்சு தளத்தை இறுகப் பிடித்திருந்தால், மேடுகளை மட்டும் தட்டிவிட்டு, பழையதோடு புதுப் பூச்சை ஒட்டவைக்கும் பாண்டிங் ஏஜென்ட் அடித்து, மேலே ஜிப்சம் பிளாஸ்டர் 6 முதல் 8 மி.மீ. வரை இழுத்துவிடலாம். பிடிமானம் எப்படி என்று பார்க்க, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, அகலமான பார்சல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் துண்டு துண்டாக வந்தால் மூடக் கூடாது. புதிய பூச்சின் எடையும் சேர்ந்து ஒரு நாள் மொத்தமாக விழும். பிறகு முழு சீலிங்கையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். 'டொப்' என்று வெற்றொலி வரும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் பத்துச் சதவீதத்தைத் தாண்டினால் எடுத்துவிடுவதே நல்லது.

அடியில் தொங்கும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது மூன்றாவது வழி. அறை உயரம் பத்தடிக்குக் குறைந்தால் இது வேண்டாம். 5 அங்குலமாவது போய்விடும். உயரம் இருந்தாலும், தளம் ஒழுகுகிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் மறைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பத்து வருடம் கழித்துத் தெரிய வேண்டியது, தெரியாமலே முற்றிவிடும்.

எந்த மாதத்தில் வேலையை வைத்துக்கொள்வது?

சேலத்தில் பொங்கல் முடிந்து மே வரை. ஏற்காட்டில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் லோடு ஏற்றுவது தலைவலி. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மலையில் பட்டி காயாது. கீழே நான்கு மணி நேரத்தில் காய்வது, மேலே பனிமூட்டத்தில் இரண்டு நாள் கழித்தும் விரலில் ஒட்டும். காயாத பட்டி மேல் பிரைமர் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் வரும்.

மாதம் எதுவானாலும் மொட்டை மாடியை முதலில் சோதியுங்கள். மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் மாடி மேல் ஒழுகாமல் இருக்கப் போடும் சுருக்கியையும் (செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை) தட்டோட்டையும் சரிசெய்வதுதான் முதல் வேலை, சீலிங் பிறகு. வரிசையை மாற்றிச் செய்தால் புதுப் பட்டி மறு மழைக்கே மஞ்சள் பூக்கும்.

அறையை எப்படித் தயார் செய்வது?

சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். 'நடுவில் குவித்து மூடிக்கொள்ளலாம்' என்பார்கள். சாரம் நகர்த்த இடம் இருக்காது. தரைக்கு 200 மைக்ரான் பாலித்தீன். கடையில் மைக்ரான் சொன்னால் புரியாவிட்டால் 800 கேஜ் என்று கேளுங்கள். சுவரில் அரையடி ஏற்றி டேப் ஒட்டி, அதன் மேல் பழைய சாக்கு விரியுங்கள். ஈரமான பாலித்தீன் வழுக்கும். கதவுக்கு இரட்டைத் திரை. ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள், ஃபேனைப் போடாதீர்கள்.

ஃபேன் என்றதும் கரன்ட். அந்த அறைக்கான எம்.சி.பி.யை (மெயின் போர்டில் கரன்டை நிறுத்தும் சுவிட்ச்) இறக்கி, டெஸ்டரால் சரிபார்த்து, ஃபேனையும் விளக்கையும் கழற்றுங்கள். கொக்கி அப்படியே இருக்கட்டும். வயர் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி, ஃபேன் பெட்டியின் வாயைப் பாலித்தீன் வைத்து அடையுங்கள். தண்ணீர் அந்தப் பெட்டி வழியாகக் குழாயில் இறங்கினால் சுவிட்ச் போர்டு வரை வரும். கட்டை மேல் வயர் ஓடும் பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரித்த பிறகுதான் தண்ணீர்.

ஏணியில் நின்று சீலிங் சுரண்டக் கூடாது. இரண்டு கையும் மேலே, கண்ணில் தூசி, காலடியில் ஈரம். பலகை தாங்கும் குதிரை (கால் சட்டம்) இரண்டு வைத்து, மேலே இரண்டு பலகை இணைத்துக் கட்டி, தலைக்கும் சீலிங்குக்கும் அரையடி இடைவெளி இருக்கும்படி உயரம் அமையுங்கள்.

தண்ணீரில் இளகும் டெக்ஸ்சரை எடுக்கும் முறை என்ன?

தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் 5 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் போதும். ஆனால் மருந்து அடித்த பழைய பம்பு வேண்டாம், புதிதாக வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு நான்கைந்து சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் உள்ளே இறங்கும்.

அறை முழுவதையும் ஒரே நேரத்தில் நனைக்காதீர்கள். 4க்கு 4 அடிக் கட்டமாக எடுங்கள். முதல் முறை மூடுபனி போலத் தெளித்து ஐந்து நிமிடம். இரண்டாம் முறை கொஞ்சம் தாராளமாகத் தெளித்துப் பத்து நிமிடம். ஒரு கட்டத்தைச் சுரண்டும்போது அடுத்த கட்டம் ஊறட்டும். 168 சதுர அடிக்கு 10 முதல் 15 லிட்டர் செலவாகும். சொட்டச் சொட்ட அடித்தால் பூச்சு கரைந்து சுவரில் வடியும், கழுவுவது இன்னொரு வேலை.

பிளேடு 6 அங்குலம் ஒன்று, 10 அங்குலம் ஒன்று. இரண்டு முனைகளையும் ராவி மழுக்குங்கள். கூர் முனைதான் தளத்தில் கோடு போடும். சீலிங்கோடு 30 டிகிரிக்குள் படுத்தாற்போல வைத்துத் தள்ள வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் குத்தும். வழித்து வருவதைக் கீழே விழவிடாமல் இன்னொரு கையில் சட்டி வைத்துப் பிடித்தால் தரையில் மிதிபடாது. முடிந்ததும் ஈர ஸ்பாஞ்சால் இரண்டு முறை துடைத்து, மறுநாள் வரை காயவிடுங்கள். ஒரு பெயின்டரும் ஒரு ஹெல்பரும் சேர்ந்தால் ஒரு நாள், ஒன்றரை நாள் வேலை.

காய்ந்த சொரசொரப்பை உப்புத்தாள் மெஷின் வைத்துத் தேய்த்து எடுப்பது வேகமாகத் தெரியும். செய்யாதீர்கள். தூசி அலமாரிக்குள் இருக்கும் பட்டுப் புடவை வரைக்கும் போகும்.

பெயின்ட் ஏறியதால் தண்ணீர் உள்ளே போகவில்லை. என்ன செய்வது?

பெயின்டின் தோலைக் கிழிக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டு நனைத்துக்கொண்டே தேய்த்தாலோ, பிளேடால் ஓர் அங்குல இடைவெளியில் கீறினாலோ தண்ணீர் இறங்க வழி கிடைக்கும். பிறகு மேலே சொன்ன முறைதான். ஊறும் நேரம் மட்டும் இரண்டு மடங்கு. ஊறும் வரை காயாமல் இருக்க, நனைத்த இடத்தில் மெல்லிய பாலித்தீனை ஈரத்தோடு ஒட்டிவிட்டால் அரை மணி நேரம் பிடித்திருக்கும். ஆயில் பெயின்ட் மூன்று கோட்டுக்கு மேல் இருந்தால் போராடாமல் மூடும் வழிக்குப் போய்விடுங்கள்.

சிமென்ட் தெறித்த டெக்ஸ்சர் என்றால்?

கையால் போகாது. ஆங்கிள் கிரைண்டரில் வைரக் கப் வீல் போட்டுத் தேய்ப்பார்கள். வீலைச் சுற்றித் தூசி மூடியும், அதில் வேக்குவம் குழாயும் இல்லாமல் இதற்குச் சம்மதிக்காதீர்கள். மணல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பது. தலைக்கு மேல் அரைக்கும்போது மொத்தமும் வேலை செய்பவர் முகத்தில்தான் இறங்கும். கூர் மேடுகளை மட்டும் தட்டையாக்கி, மிச்சப் பள்ளத்தை ஜிப்சம் பிளாஸ்டரால் நிரப்புவது எங்கள் தேர்வு. தளம் வரை அரைத்தால் சில இடத்தில் கம்பியே வெளியே வரும்.

வெற்றொலி கேட்கும் சிமென்ட் பூச்சு மட்டும் விதிவிலக்கு. அது முழுதும் இறங்க வேண்டும். சென்ட்ரிங்கில் கழிவு ஆயில் தடவி, பிறகு தளத்தைக் கொத்திவிடாமல் பூசியிருந்தால் இப்படித்தான் விடும். சில வீடுகளில் தாம்பாளத் தட்டு அளவுக்குப் படுக்கை மேல் விழுவதும் இதுதான். உளியால் ஓரத்திலிருந்து நெம்பினால் பெரிய பெரிய பாளமாக வரும், எனவே நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. மறுபடி பூசும் முன் தளத்தைச் சதுர அடிக்கு இருபது முப்பது கொத்து விட்டு, சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பிறகு பாண்டிங் ஏஜென்ட்.

சுரண்டியதும் துருக் கம்பி தெரிகிறது. மேலே பூசிவிடலாமா?

கூடாது. இரும்பு துருவாகும்போது பருத்து, காங்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. மேலே பூசினால் அதையும் சேர்த்துத் தள்ளும். பழைய தளங்களில் கம்பிக்குக் கீழே கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட் கனம், குறைவு. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456இன் 1978 பதிப்பு தளத்துக்கு 15 மி.மீ. போதும் என்றது, 2000 பதிப்பில்தான் பொதுவாக 20 மி.மீ. ஆனது. கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டு வைத்த இடத்தில் அதுவும் இருக்காது.

தளர்ந்த காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு, சுமார் 20 மி.மீ., குடைய வேண்டும். துருவில்லாத கம்பி தெரியும் வரை இரண்டு பக்கமும் நீளமாகப் போங்கள். கம்பி பிரஷ் போட்டு உலோகம் மின்னும் வரை தேய்த்து, அன்றைக்கே ஜிங்க் பிரைமர். காய்ந்ததும் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம்) கலந்த பாண்டிங் கோட் அடித்து, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே பாலிமர் மார்ட்டரை, அதாவது அதே எஸ்.பி.ஆர். கலந்த சிமென்ட் கலவையை, அழுத்தி அடையுங்கள். சிமென்ட் ஒன்று, மணல் மூன்று என்பது வழக்கமான அளவு. எஸ்.பி.ஆர். எவ்வளவு என்பது டப்பாவில் எழுதியிருப்பதன்படி. ஒரு தடவையில் 15 மி.மீ.க்கு மேல் வேண்டாம், தன் எடையாலேயே தொங்கும். பாண்டிங் கோட் காய்ந்த பிறகு மார்ட்டர் வைத்தால் ஒட்டுவதற்குப் பதிலாக அதுவே பிரித்துவிடும். மேஸ்திரிகள் சாப்பாட்டு நேரத்தில் தவறவிடுவது இதைத்தான்.

கம்பி நான்கில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருந்தால், பல கம்பிகள் வரிசையாகத் துருப்பிடித்திருந்தால், தளம் நடுவில் தொங்கியிருந்தால் மேஸ்திரி வேலை அல்ல. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த அறையில் படுக்க வேண்டாம்.

பி.ஓ.பி. ஃபால்ஸ் சீலிங்கை எப்படி இறக்குவது?

பழைய பி.ஓ.பி. தேங்காய் நாரும் கோழி வலையும் வைத்துச் செய்தது, ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு) கம்பியில் தொங்கும். இந்த அளவு அறைக்கு 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அதனால் கம்பியை வெட்டி மொத்தமாக விடக் கூடாது. முதலில் ஓர் ஓரத்தில் ஒரு சதுர அடி திறந்து டார்ச் அடித்து, வயர், எலிக் கூடு, தேன்கூடு எல்லாம் பாருங்கள். பிறகு 2க்கு 2 அடியாகக் கோடு போட்டு, ஒருவர் கீழிருந்து பிடிக்க, இன்னொருவர் அந்தக் கட்டத்தின் கம்பியை மட்டும் கட்டிங் பிளேயரால் வெட்ட வேண்டும். சுவர் ஓரக் கார்னிஸ் (அலங்கார விளிம்பு) கடைசியில். அது சுவரில் ஒட்டும் விளிம்பைப் பிளேடால் அறுத்துவிட்டு நெம்பாவிட்டால் சுவர்ப் பூச்சும் கூட வரும்.

மேலே துளையிட்ட ராப்ளக் (திருகாணி பிடிக்கச் செருகும் பிளக்) குழிகளை அடைப்பதை மறந்துவிடுவார்கள். புதிதாகத் துளை போடுவதானால் 35 மி.மீ. ஆழத்துக்கு மேல் டிரில் இறங்காமல் பிட்டில் டேப் ஒட்டி அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் பெட்டிக்குப் போகும் வயர்க் குழாய் தளத்துக்குள்தான் ஓடுகிறது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலிருந்து ஃபேன் வரை இழுத்த கோட்டுக்கு இரு பக்கமும் அரையடி தவிர்த்தால் பெரும்பாலும் தப்பலாம்.

ஏற்காட்டில் ஓட்டு வீடு. ஓட்டுக்கு அடியில் தட்டைத் தகடு அடித்திருக்கிறது. கழற்றுவது எப்படி?

ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று ஆய்வக அறிக்கை வரும் வரை, இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தகடு உடையாமல் இருக்கும் வரை ஆபத்து குறைவு. உடைத்தால், அறுத்தால், துளைத்தால், காய்ந்தபடி பெருக்கினால் இழை கிளம்பும். ஆகவே முழுத் தகடாக இறக்குவது ஒன்றே குறிக்கோள். நல்ல நிலையில் இருந்து, மறைத்தால் போதும் என்றால் பெயின்ட் அடித்து அப்படியே விடுவதும் கௌரவமான முடிவுதான்.

இறக்குவதானால், முதலில் மேலே உள்ளதை யோசியுங்கள். ஓட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வருடக்கணக்கான ஓட்டுத் தூசி, வௌவால் எச்சம், எலிப் புழுக்கை, மரநாய் குடியிருந்த அடையாளம் எல்லாம் இருக்கும். முடிந்தால் இரண்டு மூன்று ஓடுகளை நகர்த்தி மேலிருந்து தண்ணீர் தெளித்து அடக்குங்கள். பிறகு தகடுகள் சேரும் இடத்தில் அடித்த பட்டைச் சட்டங்களைக் கழற்றி, ஆணித் தலையைச் சுற்றி நனைத்து, ஆணியை நேராக இழுத்து எடுக்க வேண்டும். தகட்டோடு சேர்த்து நெம்பினால் ஆணி இடத்தில் பிளந்துவிடும். துருப்பிடித்த திருகாணி சுற்றவில்லை என்றால், தலையைப் பக்கவாட்டில் கட்டரால் கத்தரியுங்கள், கிரைண்டர் வேண்டாம்.

8க்கு 4 அடி, 6 மி.மீ. தகடு சுமார் 30 கிலோ. இருவர் தாங்க, மூன்றாமவர் ஆணி எடுக்க வேண்டும். இறக்கியதை நனைத்து, 200 மைக்ரான் பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டி, 'ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதே' என்று எழுதுங்கள். தகடு அடித்திருந்த மரச் சட்டத்தையும் (ரீப்பர்) தரையையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியும் அதே பொட்டலத்தில். வீட்டு வேக்குவம் கிளீனர் இழையைப் பின்பக்கம் ஊதிவிடும், எடுக்காதீர்கள். போட்டிருந்த உடையை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. தூக்கிப் போடும் ஓவரால் வாங்குவது மேல்.

மரப்பலகைச் சீலிங்காக இருந்தால் வேறு கவலை: பழைய எனாமல் பெயின்டில் ஈயம். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை ஈர உப்புத்தாளால் தேய்க்கலாம். நெருப்பு காட்டி உரிக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. சீலிங் உதிர்கிறது. பட்டி பார்க்கலாமா?

வெள்ளை சிமென்ட் பட்டி வேண்டாம். தேக்குக் கட்டைக்கு மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் செய்த தளம் அது. ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் பட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அந்த மூச்சை அடைத்து, இரண்டு மழைக்குள் பாளமாகக் கழன்று வரும். பல வருட வெள்ளையடிப்பு அடுக்குகளை நனைத்துச் சுரண்டி, கெட்டியான சுண்ணாம்புப் பூச்சு வரை போங்கள். ஓட்டை விழுந்த இடத்தை, குறைந்தது இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பும் சலித்த மணலும் ஒன்றுக்கு மூன்று கலந்து நிரப்புங்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். மேலே சுண்ணாம்புதான். கட்டை முனை சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது.

வெயிலுக்காக ஒட்டிய தெர்மாகோலை எடுத்தால் சூடு ஏறாதா?

ஏறும். சேலத்தில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டும் நாட்களில் மேல்மாடி அறையில் அது தெரியவே செய்யும். ஆனாலும் எடுப்பது நல்லது. தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், புகையும் கொடியது. வெப்பத்தைத் தளத்தின் மேல் பக்கத்திலேயே தடுப்பதுதான் முறை: மாடியில் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் அல்லது வெள்ளை ஓடு. தெர்மாகோலைக் கத்தியால் நெம்பியதும் நிற்கும் பசைக் கட்டிகளை ஹீட் கன் வைத்து இளக்காதீர்கள், கூர் பிளேடால் குளிர்ந்தபடியே சீவுங்கள்.

பட்டி, பிளாஸ்டர், பெயின்ட் எவ்வளவு வாங்குவது?

ஓரளவு சமமான தளத்துக்கு இரண்டு கோட் பட்டி, இந்த அறைக்கு 20 கிலோ. சுரண்டிய பழைய சீலிங் அவ்வளவு சமமாக இருக்காது. சராசரி 3 மி.மீ. நிரப்ப வேண்டும் என்றால் 60 கிலோ, அதாவது 40 கிலோ மூட்டை ஒன்றரை ஆகும். ஆனால் வெள்ளை சிமென்ட் பட்டி மொத்தம் 1.5 மி.மீ.க்கு மேல் தாங்காது, வெடிக்கும். அதனால் அதற்கு மேற்பட்ட பள்ளம் என்றால் ஜிப்சம் பிளாஸ்டர். 25 கிலோ மூட்டை 12 மி.மீ. கனத்தில் 20 சதுர அடிக்குச் சற்று மேல் வரும், 6 மி.மீ. என்றால் இந்த அறைக்கு நான்கு மூட்டை. குளியலறைக்கும் ஈரம் இறங்கும் தளத்துக்கும் ஜிப்சம் ஆகாது. பிரைமர் ஒன்றரை லிட்டர், சீலிங் வெள்ளை மேட் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு மூன்று லிட்டர். பளபளப்பு பெயின்ட் வாங்கினால் ஒவ்வொரு அலையும் தெரியும்.

பட்டி பார்த்து முடித்ததும் இரவில் ஒரு விளக்கைச் சுவரோரம் சீலிங்கை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளம் நிழலாக விழும். பெயின்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது.

எந்த மாஸ்க்?

ஈரச் சுரண்டலுக்கு என்95, பொட்டலத்தில் ஐ.எஸ். 9473 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். அரைக்கும் வேலைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகத்துக்கும் ஃபில்டர் மாற்றும் அரைமுக மாஸ்க்கில் பி100 அல்லது பி3. முகத்தில் கட்டும் துண்டும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் கணக்கில் வராது. தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஓரத்தில் கசியும். பக்கம் மூடிய கண்ணாடி எல்லோருக்கும். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம்.

கழிவை எங்கே போடுவது?

பி.ஓ.பி. கரைசலைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள்ளேயே கல்லாகும். வாளியில் படியவிட்டு, மேல் தண்ணீரை மண்ணில் ஊற்றி, அடியில் இருப்பதைச் சாக்கில் கட்டுங்கள். சாக்கைப் பாதிதான் நிரப்ப வேண்டும், ஈரத்தோடு முழுச் சாக்கு தூக்க முடியாது. கட்டட இடிபாடு எங்கே எடுத்துக்கொள்கிறார்கள் என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டு அனுப்புங்கள். ஜிப்சத்தைச் சமையல் கழிவோடு புதைத்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு வரும், அதனால் வீட்டுக் குப்பையோடு சேர்க்காதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு சாதாரண இடிபாடு அல்ல, அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் வழி கேளுங்கள். அபாயகரக் கழிவுக்கான நிலநிரப்பு மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. மாட்டுக் கொட்டகைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்பவருக்குக் கொடுப்பதும், உடைத்துக் காப்பித் தோட்டப் பாதையில் பள்ளத்துக்குப் போடுவதும் மலையில் சகஜம். இரண்டும் ஆபத்தை அடுத்தவர் தலையில் இறக்குவதுதான்.

காண்ட்ராக்ட் பேசும்போது எதைத் தெளிவாக்க வேண்டும்?

சுரண்டல், கம்பி ரிப்பேர், பட்டி, பெயின்ட் என்று நான்கையும் தனித்தனிச் சதுர அடி ரேட்டாக எழுதி வாங்குங்கள். மொத்தமாகப் பேசினால் ரிப்பேர்தான் முதலில் காணாமல் போகும். எத்தனை கோட், கோட்டுக்கு நடுவில் எத்தனை மணி நேரம், கழிவு அகற்றுவது யார் பொறுப்பு, சாரம் யாருடையது என்பதும் தாளில் வர வேண்டும். கம்பி ரிப்பேரின் அளவு சுரண்டிய பிறகே தெரியும் என்பதால், அதற்கு ரேட் மட்டும் முன்பே பேசி, அளவைப் பிறகு இருவரும் சேர்ந்து டேப் பிடித்து எடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் 4க்கு 4 அடி மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். தயங்கும் ஆளை விட்டுவிடலாம்.

வீட்டில் இருந்துகொண்டே செய்யலாமா?

தண்ணீரில் இளகும் வகை என்றால் ஒவ்வோர் அறையாகச் செய்யலாம், சமையலறையை மட்டும் எல்லோரும் ஊருக்குப் போகும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கும் வேலை, ஈய பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்றால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அன்று வீட்டில் இருக்கக் கூடாது. ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, ஒரு நாள் ஜன்னலைத் திறந்து வைத்த பிறகு திரும்பலாம்.